பிக்கப்பைக் கொடுத்துச் சிறிய கார் வாங்கலாமா? நான்கு வண்டிகளின் கேலன் கணக்கு

அமெரிக்காவில் 1977 முதல் மிக அதிகமாக விற்பனையாகிவரும் பிக்கப், அதாவது பின்னால் திறந்த தொட்டியுள்ள வண்டி, ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைதான். பண்ணைக்கும் கட்டட வேலைக்கும் என்று உருவான அந்த வண்டியை இன்று டாலஸ், ஹூஸ்டன் போன்ற நகரங்களின் புறநகர்களில் அலுவலகம் போய்வரவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவுமே பலர் ஓட்டுகிறார்கள். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், இதைக் கொடுத்துவிட்டு மைலேஜ் தரும் சிறிய கார் ஒன்றுக்கு மாறிவிடலாமா என்ற கேள்வி அவர்களிடையே எழுகிறது. அதற்காக நான்கு வண்டிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது, கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஏறத்தாழ 15 மைல் தரும், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் கொண்ட, எஃப் வரிசையின் பழைய எஃப்-150. இரண்டாவது, 2023ஆம் ஆண்டின் டொயோட்டா நிறுவனப் பெட்ரோல் கார் கொரொலா. மூன்றாவது, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் அதே கொரொலாவின் ஹைப்ரிட். நான்காவது, 2022 மாடலாக அறிமுகமான ஃபோர்டின் மேவரிக் ஹைப்ரிட் என்னும் சிறிய பிக்கப். நகரத்தையும் நெடுஞ்சாலையையும் சேர்த்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் மதிப்பீட்டின்படி, பின்னுள்ள மூன்றும் முறையே 35, 50, 37 மைல் தருகின்றன.

இந்த எண்களைப் பார்த்தவுடன் 50 என்பதன் மீதே கண் நிற்கும். பெரும்பாலோர் தவறுவதும் அங்கேதான். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவரின் பழைய எஃப்-150க்கு 800 கேலன் வேண்டும். பெட்ரோல் கொரொலாவுக்கு 343, ஹைப்ரிட் கொரொலாவுக்கு 240, மேவரிக்குக்கு 324 கேலன் போதும். அதாவது, பிக்கப்பிலிருந்து சாதாரண கொரொலாவுக்கு இறங்கினாலே 457 கேலன் மிச்சமாகிறது. அதற்கு மேல் ஹைப்ரிடுக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 103 கேலன் மட்டுமே. கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டால், முதல் மாற்றத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,370 டாலரும் இரண்டாவதில் 310 டாலரும் கையில் நிற்கும். மைலேஜ் எண் ஏற ஏற, அதே அளவு ஏற்றம் மிச்சப்படுத்தும் எரிபொருள் குறைந்துகொண்டே போகிறது என்பதை டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினார்கள். 2013 மாடல்கள் முதல் புதிய கார்களின் கண்ணாடியில் ஒட்டப்படும் அட்டையில், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற கணக்கும் அச்சாகிறது. வண்டிகளை ஒப்பிட உதவுவது அந்தச் சிறிய எழுத்துதான், மேலே பெரிதாக இருக்கும் மைலேஜ் எண் அல்ல.

இந்த மாற்றத்தை ஒரு நாடே ஒரே கோடையில் செய்து பார்த்த அனுபவமும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கேலனுக்கு 18 மைலோ அதற்குக் குறைவாகவோ தரும் பழைய வண்டியைக் கொடுத்து, அதைவிடச் சிக்கனமான புதிய வண்டி வாங்குவோருக்கு அமெரிக்க அரசு 3,500 அல்லது 4,500 டாலர் கழிவு கொடுத்தது. ‘கேஷ் ஃபார் கிளங்கர்ஸ்’ (ஓட்டை வண்டிக்குப் பணம்) என்று மக்கள் அழைத்த அத்திட்டத்தில் ஏறத்தாழ 6,77,000 வண்டிகள் கைமாறின. கொடுக்கப்பட்டவற்றின் சராசரி 15.8 மைல், வாங்கப்பட்டவற்றின் சராசரி 24.9 மைல். ஒன்பது மைல் ஏற்றம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 12,000 மைலுக்கு அது 278 கேலன் மிச்சம். 35இலிருந்து 50க்குப் போகும் பதினைந்து மைல் ஏற்றம் தருவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அப்போது வாங்கப்பட்ட வண்டிகளில் முன்னணியில் நின்றது சாதாரண கொரொலாதான் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பழைய வண்டி மறுபடியும் சாலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக, எஞ்சினில் இருந்த ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை அதை ஓடவிட்டார்கள். ஓடும் நிலையிலிருந்த எஞ்சின்களை இப்படிக் கொன்றது, பழைய வண்டி வாங்கியே பிழைப்பவர்களுக்குச் செய்த அநியாயம் என்ற கண்டனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சுமை ஏற்றுவதில் கொரொலா போட்டிக்கே வராது. எஃப்-150இன் பின்தொட்டியில் சக்கர வளைவுகளுக்கு இடையே ஐம்பது அங்குலத்துக்குச் சற்று மேல் இடம் இருப்பதால், நான்கடிக்கு எட்டடி பிளைவுட் பலகை தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். மேவரிக்கின் தொட்டி நாலரை அடி நீளம்தான். பலகையைச் சக்கர வளைவுகளின் மேல் ஏற்றி, பின்கதவைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தித்தான் கொண்டுபோக முடியும். ஆனாலும் 1,500 பவுண்டு சுமக்கும், 2,000 பவுண்டு இழுக்கும் என்பதால், தோட்டத்துக்கு மண்ணும் வீட்டுக்குச் சோபாவும் கொண்டுவர அது தாராளமாகப் போதும். எனவே படகையோ குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியையோ இழுப்பவரும், கட்டட வேலையில் இருப்பவரும் பெரிய பிக்கப்பையே வைத்துக்கொள்வது நல்லது; அவர்களுக்கு மைலேஜ் பேச்சே வீண். ஆண்டில் சில முறை மட்டும் பலகை ஏற்றுபவருக்கோ, யூ-ஹால் நிறுவனத்தின் வண்டியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் 19.95 டாலர் நாள் வாடகையும், அதற்கு மேல் மைல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தால்கூட, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் காலித் தொட்டியைச் சுமந்து திரிவதைவிட மலிவு. அவசர நேரத்துக்கு வேண்டுமே என்று பிக்கப் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடும் காரியம்; டயர், பிரேக், எஞ்சின் ஆயில் என்று எதை மாற்றினாலும் கொரொலாவைவிடக் கூடுதலாகவே கேட்கும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவரிடம் பூசி மெழுகக் கூடாது. கனமான வண்டியும் சிறிய காரும் மோதினால் அடியை அதிகம் வாங்குவது சிறிய காரில் இருப்பவர்தான். விபத்து மரணங்களின் கணக்கும் அதையே சொல்கிறது. ஆனால் அதே கணக்கைச் சாலையில் நடப்பவரின் பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடியின் (பானெட்) உயரம் 40 அங்குலத்துக்கு மேலுள்ள வண்டிகள் பாதசாரி மீது மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். நாள்தோறும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள புதிய சிறிய காரைத் தேர்ந்தெடுத்தால் இந்த இடைவெளி ஓரளவு குறையும், முழுவதும் மறையாது.

மாறவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். கடன் முடிந்த பிக்கப், ஓட்டமும் ஆண்டுக்கு 5,000 மைல்தான் என்றால், கொரொலாவுக்கு மாறி மிச்சமாவது சுமார் 190 கேலன். அதாவது ஆண்டுக்கு 570 டாலர். புதிய காரின் விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் உயரும் காப்பீடும் அதைச் சில ஆண்டுகளுக்கு விழுங்கிவிடும். கடன் வாங்கி வாங்கினால் வட்டியைச் சொல்லவே வேண்டாம். பிக்கப்பின் சந்தை விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருப்பவரும் பொறுத்திருக்க வேண்டும், ஏனெனில் விற்பனையாளர் அந்தப் பாக்கியைப் புதிய கடனோடு சேர்த்துக் கட்டும்போது மிச்சமான பெட்ரோல் பணம் வட்டியாகவே திரும்பிப் போய்விடும்.

மாறுவது என்று முடிவெடுத்தவருக்கு மிஞ்சுவது காலமும் வரியும். 2008 ஜூனில் பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, எல்லோரும் ஒரே வாரத்தில் பிக்கப்பை விற்க வந்ததால் அதன் விலை சரிந்தது. சிறிய கார்களுக்கோ பேரம் பேசவே இடமில்லாத கிராக்கி. அந்த ஆண்டு முடிவதற்குள் பெட்ரோல் 2 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே பிக்கப்பை விற்க ஏற்ற நேரம் பெட்ரோல் மலிவாகவும், மாறும் எண்ணமே யாருக்கும் இல்லாமலும் இருக்கும் மாதங்கள்தான். வரியைப் பொறுத்தவரை, டெக்சாஸில் பழைய வண்டியை விற்பனையாளரிடமே கொடுத்தால் அதன் மதிப்பு கழிந்த மிச்சத்துக்குத்தான் 6.25 சதவீத வரி. 20,000 டாலர் பிக்கப்புக்கு இதனால் 1,250 டாலர் குறைகிறது. தனியாருக்கு விற்கும்போது கிடைக்கும் கூடுதல் விலை இந்தத் தொகையைத் தாண்டினால் மட்டுமே அந்த அலைச்சலுக்குப் பொருள் உண்டு. கலிபோர்னியாவில் இந்தக் கழிவு இல்லை என்பதால், அங்கே தனியாருக்கு விற்பதற்கே சாதகம் அதிகம்.