மாடி வீட்டுக்கும் சேர்த்து என் நெட்டை விற்ற ஏஜென்ட்

லோக்கல் ஏஜென்ட் மூலம் ஃபைபர் நெட் போட்டிருப்பவர்கள், அதிலும் மாடியிலோ பக்கத்து போர்ஷனிலோ வேறு ஆட்கள் குடியிருந்தால், இதைப் படித்துவிட்டு உங்கள் ரவுட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் மாதாமாதம் பணம் கட்டும் லைனை, லைன் போட வந்த ஆளே இன்னொரு வீட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

நாங்கள் மதுரையில் கீழ் வீட்டில் இருக்கிறோம். மாடியில் வேலைக்குப் போகும் பையன்கள் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். நெட் போட்ட அன்றே ஏஜென்டிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டேன். "போனைக் குடுங்க சார், நானே போட்டுத் தர்றேன்" என்று ஒவ்வொரு போனாக வாங்கி அவரே தட்டிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டால், "கம்பெனி செட்டிங் சார், மாத்துனா நெட் போயிரும்" என்பார். அப்புறம் புது டிவி வாங்கினோம். அதில் வைஃபை சேர்க்க வந்துவிட்டு சர்வீஸ் சார்ஜ் 300 ரூபாய் என்றார். பில் கேட்டேன், சிரித்தார்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது டிவி தானாக மாறி, யாரோ துப்பாக்கி கேம் விளையாடும் யூடியூப் வீடியோ ஓட ஆரம்பித்தது. அதை நிறுத்தினால் அடுத்த வீடியோ வந்தது. ஏஜென்டுக்கு போன் போட்டேன். "டிவி ரிப்பேரா இருக்கும் சார், டிவி கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே வைஃபையில் இருக்கும் எந்த போனிலிருந்தும் டிவிக்கு காஸ்ட் செய்யலாம், அதாவது போனில் இருந்தபடியே டிவியில் வீடியோ ஓடவிடலாம். பல டிவிகள் நம்மிடம் அனுமதிகூடக் கேட்பதில்லை. அப்படியென்றால் எங்கள் வைஃபைக்குள் வேறு யாரோ இருக்க வேண்டும்.

அது யார் என்பதை மாடிப் பையன் ஒருவனே மாடிப்படியில் சொன்னான். "அண்ணே, எங்க வி.எல்.சி.யில உங்க வீட்டுக் கல்யாண வீடியோ எல்லாம் வருது, பார்த்துக்கங்க." வி.எல்.சி. என்பது வீடியோ பார்க்கும் ஆப். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் போட்டு ரவுட்டரின் யுஎஸ்பியில் செருகியிருந்தேன், டிவியில் பார்க்க வசதியாக. டிஸ்கில் இருப்பதை வைஃபை வழியாக டிவிக்கும் போனுக்கும் காட்டும் டிஎல்என்ஏ என்கிற அந்த வசதிக்குத் தனியாகப் பூட்டு கிடையாது. வைஃபைக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு அந்த வீடியோக்களின் பட்டியல் தெரியும். பையன்கள் மேல் தப்பே இல்லை. "மாசம் 400 ரூபா அவருக்குத்தான்ணே ஜிபே பண்றோம், தனி லைன்னு சொன்னாரு" என்றார்கள். என் ரவுட்டரிலேயே இரண்டாவதாக ஒரு வைஃபை பெயரை உருவாக்கி, அதைத் தனி லைன் என்று அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார் அந்த மகராசன்.

பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க எவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வைஃபையில் சேர்ந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் (ஆண்ட்ராய்டு 10 முதல்) வைஃபை செட்டிங்கில் ஷேர் என்று கொடுத்தால் க்யூஆர் கோடு வரும். பல போன்களில் அதற்கடியிலேயே பாஸ்வேர்டு எழுத்தில் தெரியும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தொட்டால் காட்டும். எனக்கு வந்தது பத்து இலக்க எண். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், அது ஏஜென்டின் சொந்த செல் நம்பர்! எங்கள் ஏரியாவில் பாதி கரண்ட் கம்பத்தில் அந்த நம்பரை விளம்பரமாக ஒட்டி வைத்திருக்கிறார்.

ரவுட்டரின் செட்டிங்குக்குள் போவதற்கான அட்மின் பாஸ்வேர்டு அதைவிட மோசம். சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரைக் கழற்றித் திருப்பினால், அடியில் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 அடித்து அதைப் போட்டதும் உள்ளே போய்விட்டது. மாற்றக்கூட அவர் மெனக்கெடவில்லை. கனெக்ட் ஆகியிருக்கும் கருவிகளின் பட்டியலில் எங்கள் வீட்டுப் போன்களைவிட மற்றவர்களுடையதுதான் அதிகம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் படம் சுற்றிச் சுற்றி நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நெட்டில் பலர் சொல்வதைக் கேட்டு, ஊசி விட்டு ரீசெட் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். ஃபைபர் லைனில் நெட் வருவதற்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்து, மறுபடி அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டிவரும். அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மெனுவிலேயே மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். தெரியாத வைஃபை பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க பின் நம்பரை அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை, அதாவது நம் கருவிகளிலிருந்து பிரித்துவைத்த தனி வைஃபை, கொடுப்பது நல்லதுதான். ஆனால் டிவியை அதில் போட்டால் உங்கள் போனிலிருந்தே காஸ்ட் ஆகாது, பெரும்பாலும்.

வீடியோதானே, பையன்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார் என் மாமா. அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் தட்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். என் பெயரில் இருக்கிற லைனில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும் என்றதும் மாமா பேச்சை விட்டுவிட்டார்.

கம்பெனி கஸ்டமர் கேரில் கேட்டால், ஏஜென்ட் தனியாகச் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள். அவரைக் கேட்டால், "சின்னப் பசங்க, உதவி பண்ணினேன் சார்" என்கிறார். மாதம் 400 வாங்கிக்கொண்டு என்ன உதவியோ. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பையன்கள் ஜிபே ரசீதுகளை அனுப்பித் தந்தார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால், எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கருவிப் பட்டியலையும் கூடுதல் வைஃபை பெயரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.