71, 87, 2009: அடுத்த நாட்டுக்குள் படை போகலாமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு, பிரெஞ்சுப் போர் நினைவிடத்துப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்து நாங்கள் மூன்று பேர் அடிக்கடி போடும் சண்டை ஒன்று உண்டு. ஓர் அரசு தன் மக்களையே கொல்லும்போது வெளிநாட்டுப் படை உள்ளே புகுந்து தடுக்கலாமா, இல்லை அது அந்த நாட்டு விஷயம் என்று ஒதுங்க வேண்டுமா? நான் கடலூர்க்காரன், எனக்கு இது பேப்பரில் படித்த விஷயம். மற்ற இருவருக்கும் அப்படி இல்லை. ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டு போஸ்னியாவில் நின்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் முசே. இன்னொருவர் 1990-இல் சின்னப் பெண்ணாக யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து, கீழ்புத்துப்பட்டு முகாமில் வளர்ந்த அக்கா.

முதலில் ஒதுங்கச் சொல்பவர்களின் கட்சி. இதைக் கொடுங்கோலர்களின் சாக்கு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. அடுத்த நாட்டின் மேல் படை எடுக்காதே, அதன் உள்விவகாரத்தில் தலையிடாதே என்று ஐ.நா. சாசனத்தின் 2-ஆவது பிரிவு சொல்கிறது. அதை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடுகள்தான். 'உங்களைக் காப்பாற்ற வந்தோம்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இருநூறு வருடம் தங்கிவிட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். எங்கள் ஊர் டேவிட் கோட்டையே அதற்குச் சாட்சி.

பொறுத்திருந்து பலன் கண்ட கதையும் இங்கேயே இருக்கிறது. 1947-க்குப் பிறகும் ஏழு வருடம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. நேரு ராணுவத்தை அனுப்பவில்லை. எல்லையில் கெடுபிடி, உள்ளே போராட்டம், பாரிஸோடு பேச்சு என்று இழுத்து, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. இதே நேரு 1961-இல் கோவாவுக்குப் படை அனுப்பினார், ஏனென்றால் போர்ச்சுகல் பேசவே வரவில்லை. சரி, ஆனால் இங்கே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. புதுச்சேரியில் அடக்குமுறை இருந்தது, ஆனால் ஜனம் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை. காத்திருக்க நேரம் இருந்தது.

ருவாண்டாவில் அது இல்லை. 1994-இல் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்த ஐ.நா. படை 2,500 பேர். கொலை தொடங்கி இரண்டு வாரத்தில் பாதுகாப்புச் சபை அதை 270 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. ஒரு நாட்டு விஷயத்தில் வெளியார் புகக் கூடாது என்ற இறையாண்மை அங்கே யாரையும் வழிமறிக்கவில்லை. போக யாருக்கும் மனசில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஐ.நா. அனுமதியோடு போகலாம் என்பது இரண்டாவது வழி. ஏட்டளவில் இதுதான் ஒழுங்கானது. இனப்படுகொலை, போர்க்குற்றம், ஓர் இனத்தையே ஊரைவிட்டு விரட்டும் இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற நான்கிலிருந்தும் ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால், பாதுகாப்புச் சபை மூலம் உலகம் தலையிடலாம் என்று 2005-இல் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. முசேக்கு இந்தப் பேச்சு வந்தாலே சிரிப்புதான். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரைப் 'பாதுகாப்பான பகுதி' என்று அதே சபைதான் 1993-இல் அறிவித்தது. 1995 ஜூலையில் நீலத் தொப்பிகள் பார்த்திருக்க, ஆண்களும் பையன்களுமாகச் சுமார் 8,000 பேர் பிரித்துக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நூற்றுக்கணக்கான ஐ.நா. வீரர்களை போஸ்னிய செர்பியர்களின் படை பிணையாகப் பிடித்து, சிலரைக் கம்பத்தில் கட்டியும் வைத்திருந்தது. காவலுக்கு நிறுத்தினார்களே தவிர, காக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்பார் முசே.

அதிகாரம் தாராளமாகக் கிடைத்த இடம் லிபியா. 2011 மார்ச் 17 அன்று பெங்காசி மக்களைக் காக்கத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியா உட்பட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. லிபியாவை ஆண்ட கடாபியின் படையால் பெங்காசியைப் பிடிக்க முடியவில்லை, அது உண்மை. ஆனால் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விமானங்கள் அதோடு நிற்கவில்லை. அக்டோபரில் கடாபி செத்தார், 2014-க்குள் அந்த நாட்டில் இரண்டு அரசாங்கங்கள். மேலிருந்து குண்டு போட்டவர்கள் யாரும் கீழே இறங்கிப் பொறுப்பெடுக்கவில்லை. அப்புறம் சிரியா பற்றிப் பேச்சு வந்தபோது ரஷ்யாவும் சீனாவும் லிபியாவைக் காட்டியே வீட்டோ போட்டன. கொசோவோவில் 1999-இல் நேட்டோ அனுமதியே கேட்காமல் 78 நாள் குண்டு போட்டது. அதை ஆராய்ந்த குழு, சட்டப்படி தப்பு, ஆனாலும் நியாயம் உண்டு என்று எழுதிவைத்தது.

மூன்றாவது வழிதான் நமக்கு நெருக்கமானது: பக்கத்து நாடே போவது. ஒரே நாடு, இந்தியா, பதினாறு வருட இடைவெளியில் இரண்டு முறை போனது.

1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். டிசம்பர் 3 முதல் 16 வரை போர். நடுவில் 7-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் சேர்ந்து போரை நிறுத்து, படையைத் திருப்பு என்றன. இறையாண்மைக் கட்சி அன்று வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியாவுக்கு பாகிஸ்தானை உடைக்கும் ஆசை இல்லாமலா இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இருந்திருக்கும். அதை வைத்து நான் அளக்க மாட்டேன். நான் பார்ப்பது வேறு. 1970 தேர்தலில் அங்கிருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் கட்சி வென்றிருந்தது. நாட்டை ஒப்படைக்க ஆள் தயாராக இருந்தார்கள். 1972 மார்ச்சில் இந்தியப் படை கிளம்பிவிட்டது.

1987 அப்படியே தலைகீழ். ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன, ஆப்பரேஷன் பூமாலை. இலங்கையின் வான்வெளியை மீறியதுதான், ஆனால் கீழே ஜனம் கையசைத்தது. ஜூலை 29 ஒப்பந்தத்தோடு அமைதிப்படை போனது, இம்முறை கொழும்பின் சம்மதத்தோடு. சட்டப்படி 71-ஐவிடச் சுத்தமான தலையீடு இதுதான். அக்டோபரில் அந்தப் படையே புலிகளோடு சண்டையில் இறங்கியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என 60-க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியத் தரப்பில் சுமார் 1,200 வீரர்கள் செத்தார்கள். அக்கா அதிகம் பேச மாட்டார். "பூமாலைக்குக் கை காட்டினனான் தம்பி, பிறகு அதே ஆக்களுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்தனான்" என்று ஒருமுறை சொன்னார். யாரிடம் ஒப்படைப்பது, எப்போது கிளம்புவது என்ற இரண்டுக்கும் டெல்லியிடம் விடை இல்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது வரவேற்கத் தமிழக முதல்வரே போகவில்லை.

அதனால் இறையாண்மையா தலையீடா என்று என்னிடம் கேட்டால், பக்கம் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. பொறுப்பெடுக்க உள்ளூரில் ஆளும், வெளியேறத் தேதியும் இருந்தால் அனுமதி இல்லாவிட்டாலும் போகலாம் என்பேன். இரண்டும் இல்லையென்றால் அனுமதி கையில் இருந்தாலும் படை வேண்டாம். முசே இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. செத்துக்கொண்டிருப்பவனிடம் தேதி கேட்பாயா என்பார். அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. கம்போடியாவை ஆண்டு ஜனத்தைக் கொன்று குவித்த போல்பாட்டை விரட்டிய வியட்நாம் 1989 வரை கிளம்பவில்லை. அதற்காக அவர்கள் 1978 டிசம்பரில் வந்திருக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது.

2009-இல் இலங்கையில் தலையிடும் வழி இரண்டில் எதுவும் நடக்கவில்லை. கடைசிப் போர் நடந்த வன்னியைப் பாதுகாப்புச் சபை முறைப்படி நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே இல்லை. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. போர் முடிந்த பத்தாவது நாளே, மே 27 அன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கையின் இறையாண்மையைப் போற்றும் தீர்மானத்துக்கு 29 வாக்குகள் விழுந்தன. அதில் ஒன்று இந்தியாவுடையது.

படைக்கும் கைகட்டி நிற்பதற்கும் நடுவே ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைக் கப்பல் பிப்ரவரி முதல் போய்வந்தது. ஆயிரக்கணக்கானவர்களை வெளியே கொண்டுவந்தது. புல்மோட்டையில் இந்திய டாக்டர்களே ஆஸ்பத்திரி போட்டிருந்தார்கள். துப்பாக்கி இல்லாத அந்தத் தலையீட்டுக்கு எந்த நாடும் ஆட்சேபிக்கவில்லை. அதை இரண்டு மடங்காக்கு, ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் சுடாதே என்று கொழும்பின் கழுத்தைப் பிடித்திருக்க டெல்லியால் முடியும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மே இரண்டாம் வாரத்தில், கரையை நெருங்க முடியாமல் அந்தக் கப்பலும் நின்றுபோனது.