பழைய கணினியில் பிளாப்பி டிரைவ் படுத்துவிட்டால்: பழுது பார்ப்பதா, கோட்டெக் மாட்டுவதா?

பரணில் இருந்து இறக்கிய 486 கணினிக்குக் கரன்ட் கொடுத்தால் திரை வருகிறது, ஹார்டு டிஸ்க் சுற்றுகிறது. பிளாப்பியைப் போட்டால் மட்டும் “நாட் ரெடி ரீடிங் டிரைவ் ஏ” என்று நின்றுவிடுகிறது. யாரைக் கேட்டாலும், “அந்த டிரைவைக் கழற்றிவிட்டு ஒரு கோட்டெக் மாட்டிவிடுங்கள்” என்கிறார்கள். கோட்டெக் என்பது பிளாப்பி டிரைவுக்குப் பதிலாக மாட்டும், பென்டிரைவில் இருந்து படிக்கும் கருவி. கணினி ஓடினால் போதும் என்பவர்களுக்கு அது நல்ல யோசனைதான். என்னிடம் இருந்ததோ ஒரு பெட்டி நிறைய பிளாப்பிகள். 1996, 97 வாக்கில் அப்பா தட்டச்சு செய்து வைத்த கடிதங்கள் அவற்றில் இருக்கின்றன. கோட்டெக்கில் பிளாப்பியை நுழைக்க இடமே கிடையாது. ஆகவே எந்த வழி என்று பார்ப்பதற்கு முன்னால், உங்களுக்கு வேண்டியது கணினியா, பிளாப்பியில் இருப்பதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

காசு செலவழிக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம். மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தால் எந்த வகை டிரைவ் மாட்டியிருக்கிறது என்பதே, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸுக்கு மறந்திருக்கும். உள்ளே போய் 3.5 அங்குலம், 1.44 எம்பி என்று மறுபடி அமைத்தாலே சில டிரைவ்கள் உயிர் பெற்றுவிடும். அந்தக் காலத்து உருளை வடிவ பேட்டரியாக இருந்தால் கசிந்து போர்டை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், 34 முனை கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். கேபிளின் சிவப்புக் கோடு முதலாம் முனைப் பக்கம் வர வேண்டும். விளக்கு அப்படி எரியும்போது முக்கியமான பிளாப்பி எதையும் உள்ளே விடாதீர்கள். கேபிள் திரும்பியிருக்கும்போது ‘எழுது’ என்ற கட்டளையும் சேர்ந்தே டிரைவுக்குப் போய்விடும். பிளாப்பியில் இருப்பது அழிந்துபோகக்கூடும். பிளாப்பியை மாற்றிய பிறகும் முந்தைய பிளாப்பியின் கோப்புப் பட்டியலே வருகிறதா? அப்படியானால் 34-ஆம் முனையில் வர வேண்டிய ‘பிளாப்பி மாறிவிட்டது’ என்ற தகவல் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. கேபிளையும் டிரைவின் ஜம்பரையும் (அமைப்பை மாற்ற உதவும் சிறு செருகி) பாருங்கள்.

இவ்வளவும் சரி, ஆனாலும் படிக்கவில்லை என்றால்தான் மற்ற வழிகளுக்குப் போக வேண்டும்.

இருக்கிற டிரைவைப் பழுது பார்ப்பதே என் முதல் தேர்வு. இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்த டிரைவில் பெரும்பாலும் இரண்டு கோளாறுதான் இருக்கும். பிளாப்பியில் உள்ளதைப் படிக்கும், எழுதும் முனையான ஹெட்டில் அழுக்கு, ஹெட்டை நகர்த்தும் திருகுத் தண்டில் காய்ந்து கெட்டியான கிரீஸ். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஹெட்டை மெதுவாகத் துடைக்கலாம். மேல் ஹெட்டைத் தூக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அது மெல்லிய உலோகத் தகட்டில் தொங்குகிறது. தேவைக்கு மேல் தூக்கினால் தகடு வளைந்துவிடும், அப்புறம் அந்த டிரைவ் தேறாது. திருகுத் தண்டில் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். அரை மணி நேர வேலை, செலவும் சொற்பம்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. தான் எழுதிய பிளாப்பியைச் சரியாகப் படிக்கிறது, வேறு டிரைவில் எழுதியதை மட்டும் படிக்க மறுக்கிறது என்றால் ஹெட் தன் இடத்தில் இருந்து விலகியிருக்கிறது என்று பொருள். 3.5 அங்குல பிளாப்பியில் ஓர் அங்குலத்துக்கு 135 தடங்கள், அதாவது தகவல் பதியும் வட்டப் பாதைகள். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே 0.19 மில்லிமீட்டர் தூரம்கூட இல்லை. அதைச் சரிசெய்ய அதற்கென்றே உள்ள அளவுப் பிளாப்பியும், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் வேண்டும். கையால் திருகிப் பார்ப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பழைய சாமான் கடையில் இன்னொரு டிரைவ் வாங்கி மாட்டுவது அடுத்த வழி. பிசி டிரைவ்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் மாட்டுவது சுலபம். ஆனால் அதுவும் இதே வயதுடையது, அதற்குள்ளும் இதே காய்ந்த கிரீஸ். மலிவாகக் கிடைத்தால் உதிரி பாகத்துக்காக வாங்கி வைக்கலாம்.

இப்போது கோட்டெக்குக்கு வருவோம். பார்ப்பதற்கு பிளாப்பி டிரைவ் அளவில்தான் இருக்கும், முகப்பில் பென்டிரைவ் செருகும் துளை. எம்பிராய்டரி இயந்திரம் போன்ற பழைய தொழிற்சாலைச் சாதனங்களுக்காகவே இது முதலில் விற்பனைக்கு வந்தது. வாங்கும்போது அதில் வரும் மென்பொருளை அப்படியே விடாமல், கீர் பிரேசர் எழுதிய இலவச மென்பொருளான பிளாஷ்பிளாப்பியை ஏற்றிவிடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பிளாப்பி பிம்பக் கோப்புகளை (ஒரு பிளாப்பியில் உள்ள அனைத்தையும் அப்படியே நகலெடுத்த கோப்புகள்) நேரடியாகப் போட்டு வைக்கலாம். 1.44 எம்பி பிளாப்பியின் பிம்பம் 14,74,560 பைட்: இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். பழைய டாஸ் அமைப்பு பிளாப்பிகள், விளையாட்டுகள் எல்லாம் ஒரே பென்டிரைவில் அடங்கிவிடும். தேய்மானம் இல்லை, பூஞ்சை இல்லை. கணினியை மறுபடி ஓட வைக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. தகடு சுற்றும் சத்தம் இல்லாதது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. ஒரு சின்ன ஸ்பீக்கரை இணைத்தால் தடம் மாறும் ‘டிக் டிக்’ ஒலியையாவது பிளாஷ்பிளாப்பி எழுப்பும்.

பிளாப்பியில் இருப்பது மட்டும் போதும், பழைய கணினியே வேண்டாம் என்பவர்கள் யூஎஸ்பி பிளாப்பி டிரைவை இன்றைய மடிக்கணினியில் செருகிப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள 1.44 எம்பி பிளாப்பிகளுக்கு அது போதும். 5.25 அங்குலத்துக்கு உதவாது. கொஞ்சம் பழுதான பிரிவு வந்தாலும் கைவிரித்துவிடும்.

அந்த இடத்தில்தான் கிரீஸ்வீசல் கைகொடுக்கிறது. இதுவும் கீர் பிரேசர் உருவாக்கியதுதான். சின்ன சர்க்யூட் போர்டு. ஒரு பக்கம் சாதாரண பிசி பிளாப்பி டிரைவ், மறுபக்கம் யூஎஸ்பி. பிரிவு பிரிவாகக் கேட்காமல், தகட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பல சுற்றுகள் பதிவு செய்யும். ஒரு சுற்றில் தவறியது இன்னொரு சுற்றில் கிடைக்கும். ஆனால் இதற்கும் நன்றாக ஓடும் ஒரு டிரைவ் வேண்டும். பழுது பார்ப்பதை நான் முதலில் வைத்ததற்கு இதுவே காரணம்.

எந்த டிரைவாக இருந்தாலும் பிளாப்பியை உள்ளே விடுமுன் அதன் உலோக மூடியை நகர்த்தித் தகட்டைப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை அப்படியே சுற்றவிட்டால் தகடும் கீறும், ஹெட்டும் கெடும், அடுத்து போடும் பிளாப்பிக்கும் தொற்றும்.

நான் கடைசியில் கோட்டெக்கையும் பழைய டிரைவையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன். பிளாப்பி கேபிளில் இரண்டு டிரைவுக்கு இடம் உண்டு: கேபிளில் சில கம்பிகள் முறுக்கியிருக்கும் இடத்துக்கு அப்பால் கடைசியில் மாட்டுவது ஏ, நடுவில் மாட்டுவது பி. ஏ-யில் கோட்டெக், பி-யில் சுத்தம் செய்த பழைய டிரைவ். கடிதங்களில் பெரும்பாலானவை முதல் முயற்சியிலேயே வந்துவிட்டன. பிடிவாதமான நான்கு பிளாப்பிகளுக்குக் கிரீஸ்வீசல் தேவைப்பட்டது. மடிக்கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் அப்படித்தான், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. அப்பா பயன்படுத்திய எழுத்துரு அந்த 486-இன் ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தது. கடிதங்களை அதிலேயே திறந்து படித்தேன்.