எம்.எஸ்.டபிள்யூ. அட்மிஷன்: "ஃபீல்டு ஒர்க்கை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

டிகிரி ரிசல்ட் வருகிற நேரம். பேருந்து நிலையத்தைச் சுற்றி "எல்லாப் பல்கலைக்கழகப் படிப்புகளும் ஒரே இடத்தில்" என்று ஃபிளெக்ஸ் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எம்.பி.ஏ., எம்.காம்., எம்.எஸ்.டபிள்யூ. என்று வரிசையாகப் போட்டு, கீழே இரண்டு செல் நம்பர். அதில் சமூகப் பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் அப்படி ஓர் இடத்தில் 58,000 ரூபாய் கட்டினேன். கடையின் பெயரையும் ஊரையும் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, பெயர் போட்டு எழுதி நீயே ஒரு கேஸை இழுத்துக்கொள்ளாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். டெல்டா மாவட்டம் ஒன்று, அவ்வளவு போதும்.

நான் பி.ஏ. வரலாறு. குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஊர் ஊராக அலைவது யாராக இருந்தாலும் கோ-ஆர்டினேட்டர் வேலை என்று வந்தால் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் எடுக்க விளம்பரம் வந்தாலும் அதேதான். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் படிக்கிற வசதி வீட்டில் இல்லை. இந்த நிலைமையில் இருக்கிறவர்களைக் குறிவைத்துத்தான் அந்த ஃபிளெக்ஸே கட்டுகிறார்கள்.

மாடியில் ஏ.சி. அறை, சுவர் முழுக்க கறுப்பு கவுன் போட்ட ஆட்களின் பட்டமளிப்பு விழாப் படங்கள், மேசையில் கோட் சூட் போட்ட யாரோ ஒருவரோடு கடையை நடத்தும் மேடம் கைகுலுக்கும் படம். ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "பி.ஏ. ஹிஸ்டரியா? நல்ல காலேஜ்ல எல்லாம் பி.எஸ்.டபிள்யூ. முடிச்சவங்களைத்தான் எடுப்பாங்கம்மா, உங்களுக்கு அங்க கஷ்டம்" என்றார். முதல் பொய் இதுதான். எம்.எஸ்.டபிள்யூ. சேர பி.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி இளநிலைப் பட்டம்தான் வேண்டும் என்றில்லை, பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். தமிழ் படித்தவர், பி.எஸ்சி. கணிதம் படித்தவர், பி.காம். படித்தவர் எல்லாரும் சேர்கிறார்கள். எழும்பூரில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இருக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, காந்திகிராமம் என்று தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நல்ல இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. டெல்டாக்காரர்களுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு சி.யு.இ.டி.-பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், அந்தத் தேர்வு சமீப வருடங்களில் மார்ச் வாக்கில் நடப்பதால் விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிட்டு ஜூனில் இந்த மாதிரிக் கடைகளின் படியேறுகிறார்கள். மேடத்துக்கு இந்தக் காலண்டர் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது பொய் "ரெகுலர்". வட மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னார். சான்றிதழில் தொலைநிலை என்று வராது, ரெகுலர் என்றுதான் வரும், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், அட்டெண்டன்ஸ் எல்லாம் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரெகுலர் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. தொலைநிலை என்றோ ஆன்லைன் என்றோ சொன்னால் நாம் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் தளத்துக்குப் போய், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். போதாததற்கு 2024இலிருந்து தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர்கிற மாணவர் தானே டி.இ.பி. அடையாள எண் எடுத்தாக வேண்டும், அதற்கு முன்னால் ஏ.பி.சி. எண் (நாம் படித்துப் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும். இதெல்லாம் நம் ஆதார், நம் செல்போனோடு சேர்ந்த விஷயம் என்பதால் நடுவில் ஒரு கடைக்காரர் புகுந்து விளையாடுவது கஷ்டம். "ரெகுலர்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் இந்தச் சோதனை எதற்குள்ளும் நாம் போகவே மாட்டோம்.

மாநிலச் சட்டத்தால் அமைந்த ஒரு பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி இங்கே மாடியில் மையம் போட்டு ரெகுலர் வகுப்பும் நடத்த முடியாது, தொலைநிலைப் படிப்பும் நடத்த முடியாது. ஆன்லைன் படிப்புக்கு எல்லை கிடையாது, ஆனால் அதில் நேராகப் பல்கலைக்கழகத் தளத்தில்தான் சேர வேண்டும். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளை ஃபிரான்சைஸ் விடக் கூடாது என்று 2020 யு.ஜி.சி. விதிமுறையிலேயே இருக்கிறது.

சரி, மூன்றாவதுதான் முக்கியம்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் ஃபீல்டு ஒர்க் பெயருக்கு இருக்கிற விஷயம் கிடையாது, பாதிப் படிப்பே அதுதான். வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு, அது ஆஸ்பத்திரியோ குழந்தைகள் இல்லமோ தொழிற்சாலையோ, போயாக வேண்டும். அங்கே ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு மேற்பார்வையாளர். வாராவாரம் ரெக்கார்டு எழுதிக் கொடுத்து, அதை வைத்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம் கிராம முகாம், படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு மாதம் போல ஒரே நிறுவனத்தில் முழுநேரப் பயிற்சியான பிளாக் பிளேஸ்மென்ட், கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. வேலை பார்த்துக்கொண்டு இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்களுக்கும் ஃபீல்டு ஒர்க்கும் மேற்பார்வையாளரும் உண்டு, தபாலில் வருகிற படிப்புதானே என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

மேடம் இதைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, ஃபீல்டு ஒர்க்கை நாங்க பார்த்துக்கறோம். ஒரு பேக்கேஜ் இருக்கு." அந்தப் பேக்கேஜுக்குத் தனியாக 6,000 ரூபாய். அதற்கு மாதிரி என்று பச்சை பைண்டிங் போட்ட ஒரு ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தனுப்பினார், இதைப் பார்த்து உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், சீல் நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று.

அந்த நோட்டை எங்கள் கோ-ஆர்டினேட்டர் அக்காவிடம் காட்டினேன். அவர் திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர். சாப்பாட்டு நேரத்தில் கையில் தயிர்சாத டப்பாவோடு புரட்ட ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டார். முதல் பக்கத்தில் பெயர் இருந்த இடத்தில் ஒயிட்னர். உள்ளே ஊர்ப் பெயர்கள் மேலெல்லாம் ஒயிட்னர், அதன் மேல் நீல மையில் எங்கள் மாவட்டத்து ஊர்கள். பள்ளியை விட்டு நின்ற பதினாலு வயதுப் பையனைப் பற்றிய கேஸ் ஒர்க். மூன்றாவது சந்திப்பில் அவனுக்கு அப்பா இல்லை, ஐந்தாவது சந்திப்பில் அப்பா வந்து கையெழுத்துப் போடுகிறார். ஜனவரி 15ஆம் தேதி பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைச் சந்தித்ததாக ஒரு பக்கம்.

"ஏன்டி, பொங்கல் அன்னைக்கு எந்த ஹெட்மாஸ்டர்டி ஸ்கூல்ல உட்கார்ந்திருந்தார்?" என்றார் அக்கா.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. "உன் சூப்பர்வைசர் பேரு என்ன? எந்த ஏஜென்சியில போட்டிருக்காங்க?" எனக்கு இரண்டுமே தெரியாது, யாரும் சொல்லவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. மாணவி ஒருத்திக்கு இந்த இரண்டு பெயரும் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அன்று சாயங்காலமே அக்கா அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருந்த நம்பரைத் தேடி எடுத்துப் பேசினார், கடைக்காரர்கள் கொடுத்த விசிட்டிங் கார்டில் இருந்த நம்பரை அல்ல. என் என்ரோல்மென்ட் நம்பர் என்று இவர்கள் கொடுத்தது அவர்களுடைய எண் வரிசையிலேயே இல்லை, தமிழ்நாட்டில் எங்களுக்கு மையம் எதுவும் கிடையாது என்றார்கள். கேட்டதும் மின்னஞ்சலிலும் எழுதித் தந்தார்கள். ஆக பல்கலைக்கழகம் நிஜம். யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் தேடினால் அந்தப் பெயர் வராது, நமக்கும் நிம்மதியாகிவிடும். நடுவில் இருந்த கடைதான் போலி.

பணம் திருப்பிக் கேட்கப் போனபோது அன்பெல்லாம் காணாமல் போனது. நான் கட்டியது கோர்ஸ் ஃபீஸே இல்லையாம். ரசீதை எடுத்துப் பார்த்தால் "ஆலோசனை மற்றும் சேவைக் கட்டணம்" என்றுதான் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரே எங்கும் இல்லை. ஜிபே செய்தது மேடத்தின் வீட்டுக்காரர் பெயருக்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., புரொவிஷனல் எல்லாம் ஒரிஜினலாக அவர்களிடம் இருந்தது. அதைக் கொடுக்க "கேன்சலேஷன் சார்ஜ்" 15,000 கேட்டார்கள். கட்டிய பணத்தையும் தர மாட்டார்கள், என் மார்க் ஷீட்டை என்னிடமே விற்பார்கள்!

ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது, இந்தந்த அளவுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. அதைச் சொன்னதும் மேடம் சிரித்துவிட்டு, "அது காலேஜுக்கும்மா, நாங்க காலேஜ் இல்லையே" என்றார். உண்மைதான். யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் போட்டால் அது கல்லூரி, பல்கலைக்கழகத்தின் மேல்தான் போகும், இவர்களைத் தொடாது. ஆனால் அதே பேச்சுதான் அவர்களுக்கு வினையானது. கல்வி நிறுவனம் தருவது நுகர்வோர் சட்டத்தில் சொல்லும் சேவை ஆகாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதாகவும், பல கல்லூரிகள் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வதாகவும் வக்கீல் சொன்னார். இவர்கள்தான் தாங்கள் கல்லூரி இல்லை, வாங்கியது சேவைக் கட்டணம் என்று ரசீதே போட்டுக் கொடுத்திருக்கிறார்களே. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகை என்றால் மனுக் கட்டணம் இல்லை. அங்கே போட்டிருக்கிறோம்.

போலீஸ் பக்கம் முதலில் "பேசித் தீர்த்துக்கங்கம்மா" என்றுதான் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்த பிறகு சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு ஒரிஜினல் சான்றிதழ்கள் சார்ஜ் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தன, பணத்தில் 20,000 வந்தது. மீதிக்குத்தான் வழக்கு. ஆகவே ஏதாவது ஒரு காகிதம்தான் வாங்க முடியும் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வமான பதிலை வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"எப்படியோ ஒரு சர்ட்டிஃபிகேட் வந்தால் சரி, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று என்னோடு பணம் கட்டிய ஒரு தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பார்ப்பார்கள் தம்பி. அரசு வேலைக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு உன் சான்றிதழ் நேராக அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போகும். ஆஸ்பத்திரியில் கவுன்சலர் ஆகலாம் என்று மேடம் உனக்குச் சொன்னாரே, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல சமூகப் பணியாளர் யார் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் வேண்டும், அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியுடன் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும். ஒயிட்னர் நோட்டை வைத்துக்கொண்டு அந்த எம்.ஃபில். நேர்காணலில் என்ன பேசுவாய்? அதைவிட எனக்குக் கவலை வேறு. இந்த நோட்டைப் பார்த்து எழுதி எழுதியே பாஸானவர் நாளைக்கு ஒரு குழந்தைகள் இல்லத்தில் போய் உட்கார்ந்து, நிஜமாகவே அடிபட்டு வந்த ஒரு பெண்குழந்தையிடம் விசாரிக்கப் போகிறார்.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஃபீல்டு ஒர்க் எந்த ஏஜென்சியில், வாரத்தில் எந்தெந்த நாள், கல்லூரி மேற்பார்வையாளர் யார்? நிஜமான சமூகப் பணித் துறையில் இதைக் கேட்டால் பேச்சை நிறுத்தவே மாட்டார்கள், நமக்கே பயம் வருகிற அளவுக்கு வேலையைச் சொல்வார்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் கிளம்பிவிடுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், ஒரிஜினலை எந்த ஏஜென்டிடமும் கொடுக்காதீர்கள், ஸ்கேன் காப்பி போதும்.

டெல்டா பக்கம் மாடியில் பச்சை பைண்டிங் நோட்டு கொடுக்கிற இடத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், என்ரோல்மென்ட் நம்பர் என்று அவர்கள் அனுப்பிய மெசேஜ், நோட்டின் முதல் சில பக்கங்களின் போட்டோ, இவற்றை மட்டும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடக் காலக்கெடு உண்டு, தனித்தனியாகப் போவதைவிட நாலு பேர் சேர்ந்து போனால் வக்கீல் செலவும் குறையும். செய்தித்தாளுக்குச் சொல்லலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அடுத்த வாய்தா முடியட்டும்.