வருஷ டார்கெட், மாச டார்கெட், நாள் கணக்கு: ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு எது ஒத்து வரும்?

மதுரையில வீட்லயே உக்காந்து கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை விளம்பரம், புக் கவர்னு ஆறு வருஷமா டிசைன் பண்ணிட்டு இருக்கேன். இந்த வருஷம் இவ்வளவு சம்பாதிக்கணும்னு ஒரு தொகைய எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு மொத வருஷத்துலேர்ந்தே உண்டு, மூணு விதமாவும் பண்ணிப் பாத்துட்டேன். ஆசைப்பட்டு பெருசா எழுதறது தப்பே இல்லங்க, எழுதணும். ஆனா அந்தக் காசு எங்கேர்ந்து வரும்னு எந்த முறை நமக்குக் காட்டிக் குடுக்குதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

வருஷ டார்கெட்ட மொதல்ல எடுத்துக்குவோம். "இந்த வருஷம் 12 லட்சம்"னு நோட்டுல எழுதினப்ப நெஜமாவே ஒரு தைரியம் வந்துச்சு, அதுவரைக்கும் 10,000 கேக்கவே தயங்குன நான் ஒரு ஹோட்டலுக்கு மெனு கார்டு, போர்டு எல்லாம் சேத்து 25,000 கேட்டேன், குடுத்தாங்க. இந்த முறையோட பலம் அதுதான். ஆனா நாளைக்குக் காலையில எழுந்து என்ன செய்யணும்னு அந்த 12 லட்சம் சொல்லாது, தீபாவளி வர்றப்ப பாதி கூட வரலன்னா அந்த நோட்டத் தொறக்கவே மனசு வராது. இன்னொன்னு, 12 லட்சம்னா பில் போட்ட தொகையா கைக்கு வந்த தொகையான்னு நான் யோசிக்கவே இல்ல. 60,000 பில்லுக்கு, காசு குடுக்கறவங்க 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது நம்ம வருமான வரிய முன்கூட்டியே பிடிச்சா 54,000தான் வரும், மீதி 6,000 ரிட்டர்ன் போட்டு வரிக் கணக்குல கழிஞ்சோ திரும்பியோ வர்றதுக்கு மாசக்கணக்கு ஆகும். ஃபைவர் மாதிரி ஆன்லைன்ல வேல பிடிச்சுக் குடுக்கற சைட்டுல 10,000க்கு வேல செஞ்சா அவங்க 20 சதவீதம் எடுத்துட்டு 8,000தான் நமக்கு. அதனால எந்த முறையா இருந்தாலும் கைக்கு வர்ற தொகையத்தான் எழுதுங்க.

மாச டார்கெட் பாக்கறதுக்கு ரொம்ப நியாயமாத் தெரியும், ஏன்னா வாடகை, இஎம்ஐ, பால் காசு எல்லாம் மாசக் கணக்குதான். எங்க வீட்டுக்கு சாஃப்ட்வேர், இன்டர்நெட் எல்லாம் சேத்து 45,000. அதுக்குக் கீழ போனா குடும்பம் நடக்காதுன்னு தெரிஞ்சு வச்சுக்க இந்தக் கணக்கு கண்டிப்பா வேணும். ஆனா நம்ம தொழில் மாசம் பாத்து வர்றதில்லயே. ஆடியில முகூர்த்தம் இல்ல, ஆவணிக் கல்யாணத்துக்கான பத்திரிகை ஆடி பாதி தாண்டினாத்தான் வரும், ஆனா அதே ஆடிக்கு ஜவுளிக்கடைக்காரங்க தள்ளுபடி விளம்பரத்துக்கு ஆனியிலயே கூப்பிடுவாங்க. சிவகாசியில புது வருஷக் காலண்டர் டிசைன்கள் இருக்கற ஆல்பத்த ஆடிப்பெருக்கு அன்னைக்கே வெளியிட்டுடுவாங்க, அந்த வேல வேணும்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே போய் நிக்கணும். இப்படி ஏறி எறங்குற தொழில்ல எல்லா மாசத்துக்கும் ஒரே தொகைன்னு வச்சா, தை மாசம் 12 தேதிக்கே டார்கெட் முடிஞ்சிருச்சுன்னு கைய தளர விடுவோம், மார்கழியில பதறுவோம்.

அந்தப் பதட்டத்துல நான் பண்ண ஒரு வேலயச் சொல்றேன். ஒரு மாசக் கடைசியில 8,000 கொறஞ்சுது, சரியா அதே 8,000க்கு ஒருத்தர் லோகோ கேட்டாரு, யோசிக்காம ஒத்துக்கிட்டேன். மயில் வேணும்னாரு, தோகைய விரிக்கச் சொன்னாரு, அப்பறம் மடக்கச் சொன்னாரு, ஏழாவது ஃபைல்லதான் சரின்னாரு, நாலு நாள் முழுசாப் போச்சு. டார்கெட் முடிஞ்சுதுன்னு அன்னைக்கு சந்தோஷமா இருந்தேன், ஆனா கணக்கு பாத்தா ஒரு நாளைக்கு 2,000. அதே வாரம் ரெண்டு நாள்ல முடியற ஒரு புக் கவர் வேலைய நேரமில்லன்னு விட்டேன், அது 11,000.

அதுக்கப்பறம்தான் நாள் கணக்குக்கு வந்தேன். வருஷத்துல 365 நாள், ஞாயித்துக்கிழமை 52, பண்டிகை, காய்ச்சல், சொந்தக்காரங்க விசேஷம்னு ஒரு 25 போனா மிச்சம் 288. இதுல பாதிக்கு மேல கொட்டேஷன் அனுப்பறது, காசு கேட்டு ஃபோன் அடிக்கிறது, திருத்தம்னு போயிடுது, நெஜமாவே காசாகிற நாள் எனக்கு 140தான். வீட்டுச் செலவு வருஷத்துக்கு 5,40,000, 140ஆல வகுத்தா நாளுக்கு சுமார் 3,860, அது பொழைக்கறதுக்கு. ஆசைத் தொகை 8,40,000னு வச்சேன், நாளுக்கு 6,000. இப்ப லோகோன்னு யாராவது கேட்டா நாலு நாள், 24,000னு வாய் தானா சொல்லுது, கொறைக்கச் சொன்னா திருத்தத்த ரெண்டோட நிறுத்திக்கலாம், மூணு நாள்னா 18,000ன்னு பேச முடியுது. ஆசை பெருசானா ரேட்ட ஏத்தணுமா, வீணாப்போற நாளக் கொறைக்கணுமான்னு கண்ணு முன்னாடியே தெரியும். எனக்கு இதுதான் ஜெயிச்ச முறை.

இதுலயும் ஓட்டை உண்டு, வேல செஞ்ச நாளுக்கும் காசு வர்ற நாளுக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம் ஆகலாம். சின்னத் தொழில் பண்றவங்களுக்கான அரசாங்கப் பதிவு, உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணி வச்சிருங்க, கட்டணம் கெடையாது, அந்த நம்பர பில்லுல போட்டா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க சட்டத்துல எடமில்ல.

வாரத்துக்கு இத்தன கொட்டேஷன்னு எண்ணி அனுப்பற முறையும் சிலர் சொல்றாங்க, புதுசா வர்றவங்களுக்கு நல்லது, ஆனா அது வருமானக் கணக்கு ஆகாது. தொழிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகாதவங்க மாசச் செலவ மட்டும் பிடிச்சுக்கிட்டு போங்க, ஏன்னா உங்களுக்கு எத்தன நாள் காசாகுதுன்னு இன்னும் தெரியாது. அதுவரைக்கும் எந்த வேலைக்கு எத்தன நாள் ஆச்சுன்னு காலண்டர்லயே குறிச்சுட்டு வாங்க.

நான் வர்ற தையிலேர்ந்து நாளுக்கு 7,000 வைக்கப் போறேன். வழக்கமா வேல குடுக்கற ரெண்டு கடைக்கு இப்பவே சொல்லிட்டேன், ஒருத்தர் சரிம்மான்னுட்டாரு, இன்னொருத்தர் அண்ணன்ட்ட கேட்டுச் சொல்றேன்னிருக்காரு.