சீக்ராமா, லீவர் ஹவுஸா? கீழே உட்கார்ந்து பார்த்தவன் கருத்து

நியூயார்க் வரப்போகும் நண்பன் ஒருவன் கேட்டான்: "பார்க் அவென்யூவில் அரை மணி நேரம்தான் இருப்பேன். சீக்ராம் கட்டடத்தைப் பார்க்கவா, லீவர் ஹவுஸைப் பார்க்கவா?" ஃபோனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். இரண்டின் மேல்மாடிகளிலும் நான் வேலை பார்த்ததில்லை. என் அலுவலகம் பக்கத்துத் தெருவில். பல வருடங்களாக மதியச் சாப்பாடு இந்த இரண்டின் காலடியில்தான்.

லீவர் ஹவுஸ் 1952, சீக்ராம் 1958. முன்னதை வடிவமைத்தவர் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் கார்டன் பன்ஷாஃப்ட், பின்னதை மீஸ் வான் டெர் ரோ. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்து நகர விதிப்படி, உயரப் போகப் போகக் கட்டடத்தைப் படிப்படியாக உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். ஆனால் கோபுரம் மனையில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் நேராக எவ்வளவு உயரமும் போகலாம். இரண்டும் அந்த வழியைத்தான் பிடித்தன. மிச்ச இடத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சீக்ராம் சாலையிலிருந்து சுமார் 90 அடி பின்வாங்கி நிற்கிறது. முன்னால் கிரானைட் முற்றம், இரண்டு குளங்கள். இரு ஓரங்களிலும் நீளமான பளிங்குத் திண்டுகள். என்னை அங்கே கட்டிப்போட்டது அந்தத் திண்டுகள்தான். உட்கார்வதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் அகலமும் உயரமும் அப்படிப் பொருந்தியிருக்கின்றன. 1970களில் நகர ஆய்வாளர் வில்லியம் வைட் கேமராவை வைத்துப் படம்பிடித்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஆராய்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. முற்றம் மேற்கு பார்த்தது என்பதால் குளிர்காலத்திலும் மதியத்துக்கு மேல் வெயில் வரும். நிமிர்ந்தால் வெண்கலச் சட்டங்கள், பழுப்புக் கண்ணாடி. ஜன்னல் திரைகள்கூட முழுசாகத் திறந்து, பாதி, முழுசாக மூடி என்று மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார் மீஸ். உள்ளே இருப்பவர்களுக்கு எப்படியோ, கீழிருந்து பார்க்கிறவனுக்கு அது பேரழகு.

லீவர் ஹவுஸுக்கு இப்படி வர்ணிக்க அதிகம் இல்லை. இரண்டாம் தளத்தைத் தூண்கள் மேல் தூக்கி வைத்து, நடுவே வானம் தெரியத் திறப்பு விட்டு, கீழே கிட்டத்தட்ட முழு இடத்தையும் நடக்கிறவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். தூண்களுக்கு அடியில் எப்போதும் நிழல். குளிர்காலத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தால் இரண்டு வாய்க்குள் ஆறிவிடும். பெரும்பாலும் ஜனங்கள் உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடுவார்கள். பச்சைநீலக் கண்ணாடியின் கதையும் பெருமைப்படும்படி இல்லை. இரும்புச் சட்டங்களுக்குள் தண்ணீர் புகுந்து துருவேறி, கண்ணாடிகள் விரிசல் விட்டு, கடைசியில் கட்டடத்தைப் போர்த்தியிருந்த கண்ணாடிச் சுவரையே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, அப்படியானால் சீக்ராம்தானே? மதிப்பெண் போட்டால் அதுதான். ஆனால் எனக்கு அதன்மேல் தீராத ஒரு கோபம் இருக்கிறது. அந்த முற்றத்தின் வெற்றியைப் பார்த்து 1961இல் நகரம் புதிய விதி கொண்டுவந்தது: கீழே திறந்தவெளி விட்டால் மேலே கூடுதல் தளம் கட்டிக்கொள்ளலாம். அப்புறம் என்ன, ஆளாளுக்கு முற்றம். மீஸின் கண்ணும் கிடையாது, அந்தத் திண்டும் கிடையாது. நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் முன்னாலும் ஒன்று இருக்கிறது. வெறும் சிமெண்ட், சுழற்றி அடிக்கும் காற்று, யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று விளிம்பில் பதித்த இரும்பு முட்கள். தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறேன். இதற்கு சீக்ராமைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று தெரியும். பின்னால் வந்தவர்கள் செய்ததற்கு அது என்ன செய்யும்? தெரிந்தும் கோபம் போகவில்லை.

லீவர் ஹவுஸ் அப்படி யாரையும் கெடுக்கவில்லை. இன்னொன்று, மழை. திடீரென்று கொட்டும்போது பார்க் அவென்யூவில் அந்தத் தூண்களுக்கு அடியில் ஒதுங்கலாம், ஐம்பத்து மூன்றாம் தெருவிலிருந்து ஐம்பத்து நான்கு வரை குடையை மடக்கிக்கொண்டு நடக்கலாம். சீக்ராமின் அத்தனை வெண்கலமும் அப்போது எனக்கு உதவாது. நனைந்த நாட்களில் யார் இடம் கொடுத்தார்கள் என்பதைத்தான் மனசு வைத்துக்கொள்கிறது.

அதனால் என் ஓட்டு லீவர் ஹவுஸுக்கு. நண்பா, நேராக நடுமுற்றத்துக்குப் போய் வடக்கே அண்ணாந்து பார். திறக்க முடியாத ஜன்னல்களை வெளியிலிருந்து கழுவுவதற்காக அந்தக் காலத்திலேயே கூரையில் தண்டவாளம் போட்டு, தொங்கும் தொட்டில் ஒன்றையும் அமைத்திருந்தார்கள். கட்டியது சோப்பு கம்பெனி அல்லவா, கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டாமா? பத்து நிமிடம் போதும். சாப்பாட்டை மட்டும் அங்கே பிரிக்காதே. சாலையைக் கடந்து ஒரு தெரு தெற்கே வந்தால் சீக்ராமின் திண்டு இருக்கிறது.