அக்டிவ் டைரக்டரியா, சம்பாவா? யாழ்ப்பாணத்தில் இருந்து டொமைன் பழகுகிறவர்களுக்கு

நெற்வேர்க்கிங் படித்துவிட்டு வேலை தேடுகிற பெடியள் கனபேர் கேட்கிற கேள்வி இது. டைரக்டரி சேவை, அதாவது கந்தோரின் யூசர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கிற முறை, பழக வேண்டும், மைக்ரோசொப்டின் அக்டிவ் டைரக்டரியில் தொடங்குவதா, லினக்ஸில் ஓடுகிற, காசு கேட்காத சம்பாவில் தொடங்குவதா? ஓப்பன் எல்டாப், ஃப்ரீ ஐபிஏ, என்ட்ரா ஐடி என்று இன்னும் மூன்று பெயர்களும் காதில் விழுந்திருக்கும். என் பதிலை முதலே சொல்கிறேன்: அக்டிவ் டைரக்டரியில் தொடங்குங்கள், அது கொஞ்சம் கைக்கு வந்ததும் அதே டொமைனை (ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்ந்த யூசர்களும் கணினிகளும்) சம்பாவில் திரும்பக் கட்டுங்கள். மற்ற மூன்றையும் தேவை வரும்போது பார்க்கலாம்.

காரணம் இருக்கிறது. டொமைன் என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. சேர்வர் எங்கே என்று காட்டுவது டிஎன்எஸ், நீங்கள் யார் என்று உறுதிப்படுத்துவது கெர்பரோஸ், யூசர், குரூப், கணினி விபரங்களை வைத்திருந்து கேட்டால் கொடுப்பது எல்டாப். விண்டோஸ் சேர்வரில் நாலைந்து தடவை 'நெக்ஸ்ட்' அழுத்தினால் மூன்றும் தாமாகவே எழும்பிவிடும், அதனால் வேலை சுகம், ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமலே போய்விடும். சம்பாவில் அதே மூன்றையும் நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டிவரும், ரிசோல்வ் கோப்பில் டிஎன்எஸ் முகவரி, கெர்பரோஸுக்குத் தனிக் கோப்பு, பிறகு கினிட் கட்டளை அடித்து, நீங்கள் யார் என்று உறுதிப்படுத்துகிற டிக்கெட் வருகிறதா என்று பார்ப்பது என்று ஒவ்வொன்றாக.

இங்கே சின்னக் கந்தோர்களில் அடிக்கடி வருகிற பிரச்சினை ஒன்றைப் பாருங்கள். கணினியை டொமைனில் சேர்க்கப் போனால் டொமைனைக் காணவில்லை என்று சொல்லும். சேர்வர் நல்லாத்தான் ஓடுகிறது, கேபிளும் சரி, பிங்கும் போகிறது. பார்த்தால் இன்ரநெற் ரூட்டர் எல்லாக் கணினிக்கும் 8.8.8.8 என்று கூகுளின் டிஎன்எஸ்ஸைக் கொடுத்துக்கொண்டிருக்கும், உங்கள் கந்தோர் டொமைனைப் பற்றிக் கூகுளுக்கு என்ன தெரியும்? கிளையண்டின், அதாவது டொமைனில் சேருகிற கணினியின், டிஎன்எஸ் முகவரி டொமைனை நடத்துகிற சேர்வரான டொமைன் கொன்ட்ரோலராகவே இருக்க வேண்டும், வெளி முகவரிகளை அந்தக் கொன்ட்ரோலர்தான் மேலே கேட்டுச் சொல்ல வேண்டும். அக்டிவ் டைரக்டரியோ சம்பாவோ, இதில் வித்தியாசமே இல்லை. சம்பாவை ஒருதரம் கையால் நிறுவினவர் இதை உடனே பிடித்துவிடுவார் என்பது என் அனுபவம்.

நேரமும் அப்படித்தான். கிளையண்டுக்கும் சேர்வருக்கும் இடையில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கெர்பரோஸ் இயல்பு நிலையில் ஏற்றுக்கொள்ளாது. லப்டொப்பில் வேர்ச்சுவல் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்த நாள் எழுப்பினால் அதன் மணிக்கூடு பின்னால் நிற்கலாம். எல்லாவற்றையும் பிரித்து மேய முதல் நேரத்தைப் பாருங்கள். கரண்ட் போய் வருகிற இடத்தில், மதர்போர்ட் பற்றரி செத்த பழைய கணினிகளிலும் இதே தொல்லை வரும்.

சரி, செலவு. விண்டோஸ் சேர்வரைப் பழகுவதற்கு 180 நாள் சோதனைப் பதிப்பு இலவசம், அது தாராளம். ஆனால் கம்பனியில் போடும்போது சேர்வர் லைசென்ஸோடு யூசர் அல்லது சாதனக் கணக்கில் கிளையண்ட் அணுகல் லைசென்ஸும் வேண்டும், ஆட்கள் கூடக் கூட அதுவும் கூடும். 2022இல் ரூபா விழுந்தபிறகு டொலரோடு ஏறி இறங்குகிற எந்தச் செலவையும் முதலாளிமார் இரண்டு தரம் யோசித்துத்தான் செய்கிறார்கள், அது நியாயமும்கூட. சம்பாவுக்கு லைசென்ஸ் காசு இல்லை. 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது அக்டிவ் டைரக்டரி டொமைன் கொன்ட்ரோலராகவே வேலை செய்கிறது, விண்டோஸ் கணினிகள் வழமைபோலச் சேரும், விண்டோஸின் அதே நிர்வாகக் கருவிகளால் யூசர்களையும், கணினிகளுக்கு விதிகளை ஒரே இடத்திலிருந்து போடுகிற குரூப் பொலிசியையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு சம்பா கொன்ட்ரோலர்கள் வைத்தால் யூசர் விபரங்கள் தாமாகப் பரிமாறப்படும், குரூப் பொலிசிக் கோப்புகள் இருக்கிற சிஸ்வொல் மட்டும் பரிமாறப்படாது, ஆர்சிங்க் போலக் கோப்புகளை நகலெடுக்கிற கருவி ஒன்றை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் விதிகளைக் குரூப் பொலிசியில் மாற்றிவிட்டு ஏன் வேலைசெய்யவில்லை என்று தலையைச் சொறிவார்கள், அதைச் சம்பா-டூல் கட்டளையால் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம் ஆள். சம்பாவைக் கட்டின தம்பி கனடாவுக்கோ கொழும்புக்கோ போய்விட்டால் அடுத்தவர் யார்? அக்டிவ் டைரக்டரி தெரிந்தவரைத் தேடுவது சுகம், லினக்ஸும் டொமைனும் சேர்ந்து தெரிந்தவரைத் தேடுவது கஷ்டம். ஆகவே சம்பா போடுகிறீர்கள் என்றால் செய்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், இது கட்டாயம்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது, புரோ வேண்டும். கடையில் லப்டொப் வாங்கும்போதே இதைக் கேளுங்கள், பிறகு பத்து இயந்திரத்துக்குப் பதிப்பு மாற்றுகிற செலவு லேசுப்பட்டதல்ல.

ஓப்பன் எல்டாப் 1998இல் தொடங்கியது, மிச்சிகன் பல்கலைக்கழகத்து எல்டாப் வேலையின் வழியில் வந்தது. மூடுல் என்ற கற்பித்தல் தளம், மெயில் சேர்வர் போன்றவற்றுக்கு ஒரே லொகின் கொடுக்க நல்லது, விண்டோஸ் கணினிகளை நிர்வகிக்க அல்ல. தொடக்கக்காரருக்கு அதன் கொன்பிக் முறை வாட்டி எடுக்கும். ஆனால் எல்டாப்சேர்ச் கட்டளையை மட்டும் இப்போதே பழகுங்கள், அது அக்டிவ் டைரக்டரியிடமும் சம்பாவிடமும் கேள்வி கேட்கும். ஃப்ரீ ஐபிஏ லினக்ஸ் இயந்திரங்கள் நிறைந்த இடத்துக்கு அருமை, விண்டோஸ் கணினியை நேரே சேர்க்க அது சரிவராது.

மைக்ரோசொப்டின் கிளவுட் டைரக்டரியான என்ட்ரா ஐடியை 2023 வரை அசூர் அக்டிவ் டைரக்டரி என்று அழைத்தார்கள், அந்தப் பெயரால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். பழைய குரூப் பொலிசி அங்கே இல்லை, அந்த வேலைக்கு இன்டியூன் என்ற மைக்ரோசொப்ட் சேவை. சேர்வர் அறையே இல்லாமல், மைக்ரோசொப்ட் 365 வாங்கி லப்டொப்பில் வேலைசெய்கிற மென்பொருள் கம்பனி என்றால் அதுதான் பொருத்தம், அங்கே போய்ச் சம்பா கட்டச் சொல்லமாட்டேன்.

வேலைக்காகச் சான்றிதழ் எடுப்பவர்கள் கவனியுங்கள்: மைக்ரோசொப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் 2021 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இன்னும் அந்தப் பெயரில் ஒரு வகுப்புக்குக் காசு கேட்டால் எந்தப் பரீட்சைக்கு என்று கேளுங்கள்.

பழகும்போது யூசர் உருவாக்கி லொகின் ஆனதோடு நிற்க வேண்டாம். இரண்டு கொன்ட்ரோலர்கள் வைத்து முதலாவதை நிறுத்திவிட்டு, அதனிடமிருந்த ஐந்து ஃபிஸ்மோ பொறுப்புகளையும் (ஒரு நேரத்தில் ஒரு கொன்ட்ரோலர் மட்டும் வைத்திருக்கிற வேலைகள்) இரண்டாவது எடுத்துக்கொள்ளும்படி செய்து பாருங்கள், அழித்த யூசரை மீட்டுப் பாருங்கள். இதை விண்டோஸில் ஒருதரமும் சம்பாவில் ஒருதரமும் செய்தால் உங்கள் கம்பனிக்கு எது சரி என்று நீங்களே முதலாளியிடம் காரணத்தோடு சொல்வீர்கள்.